ரேடார் எதிரொலியை வைத்துப் பொருளை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையில் ஒரு புள்ளி விழுவதற்கும் அந்தப் புள்ளி இன்ன பொருள் என்று சொல்வதற்கும் இடையில் நிறைய வேலை இருக்கிறது. ரேடார் சிக்னல் செயலாக்கத்தில் புதிதாக இறங்குபவர்களும், ரேடார் சோதனைக்கான மின்சுற்றுப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு சரியாக வராமல் தவிப்பவர்களும் அந்த வேலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கருத்துதான் ஓடுகிறது: எதிரொலியில் பதிவாகாத தகவலை எந்த மென்பொருளாலும் பின்னால் வரவழைக்க முடியாது.

கண்டறிதல், வகைப்படுத்தல், அடையாளம் காணல் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. "அங்கே ஏதோ இருக்கிறது" என்பது கண்டறிதல். "அது மனிதன், கார் இல்லை" என்பது வகைப்படுத்தல். "அது இன்ன மாடல் ஹெலிகாப்டர்" என்பது அடையாளம் காணல். படி ஏற ஏறத் தேவைப்படும் தகவலும் கூடிக்கொண்டே போகும். ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஹூல்ஸ்மையர் 1904இல் காட்டிய கருவி கப்பல் இருப்பதை உணர்ந்தது, அவ்வளவுதான். தூரத்தைக்கூட அளக்கவில்லை.

விமானங்களைப் பெயரோடு காட்டும் கட்டுப்பாட்டுத் திரைகளைப் பார்த்துவிட்டு, எதிரொலியிலேயே அந்தப் பெயர் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அங்கே தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகிறது, விமானத்தில் உள்ள கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. பதில் சொல்ல விரும்பாத, அல்லது சொல்லும் கருவியே இல்லாத பொருளை வெறும் எதிரொலியை வைத்துக் கண்டுகொள்வது வேறு பிரச்சினை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது.

எதிரொலி வலுவாக வந்தால் பெரிய பொருள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஒரு பொருள் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பு என்கிறோம். அதன் அலகு சதுர மீட்டர். ஆனால் அந்த எண்ணுக்கும் பொருளின் உண்மையான அளவுக்கும் உறவு மிகவும் தளர்வானது. வடிவம், உலோகமா பிளாஸ்டிக்கா என்பது, பார்க்கும் கோணம், அலைநீளம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

மூன்று முக்கோண உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்து, உள்விளிம்பு 10 சென்டிமீட்டர் வருமாறு ஒரு மூலை எதிரொலிப்பான் செய்யுங்கள். 77 கிகாஹெர்ட்ஸில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 27 சதுர மீட்டர் வரும். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருள் திரையில் ஒரு காரைப் போல ஒளிரும். மறுபுறம், நடுத்தரப் பறவைக்கும் சிறிய ட்ரோனுக்கும் மதிப்பு ஏறக்குறைய ஒன்றே, 0.01 சதுர மீட்டர் அளவில். வலிமையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது.

இன்னொரு சிக்கல், ஏற்ற இறக்கம். காரின் பல பகுதிகளிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வருகின்றன. கோணம் ஓரிரு பாகை மாறினாலே வலிமை 10 முதல் 20 டெசிபல் வரை குதிக்கலாம். ஆகவே ஒரு கணத்து வலிமையை அம்சமாக (வகையை முடிவுசெய்ய உதவும் அளவாக) பயன்படுத்தாதீர்கள். சில நொடிகளுக்கான சராசரியையும் பரவலையும் எடுங்கள், அதுவும் தூரத் திருத்தம் செய்த பிறகு. தூரம் இரு மடங்கானால் எதிரொலி 12 டெசிபல் குறையும் என்பதை மறந்துவிட்டால், உங்கள் வகைப்படுத்தி (பொருளின் வகையைச் சொல்லப் பயிற்றுவித்த மென்பொருள்) பொருளைக் கற்காது, தூரத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

எவ்வளவு பட்டை அகலம் வேண்டும்?

தூரப் பிரிதிறன் (இரண்டு பொருள்களைத் தனித்தனியாகக் காட்டத் தேவையான மிகக் குறைந்த தூர இடைவெளி) என்பது ஒளி வேகத்தைப் பட்டை அகலத்தின் (அனுப்பும் அலை பரவியிருக்கும் அதிர்வெண் வரம்பின்) இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. 150 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மீட்டர், 1 கிகாஹெர்ட்ஸுக்கு 15 சென்டிமீட்டர், 4 கிகாஹெர்ட்ஸுக்கு 4 சென்டிமீட்டருக்கும் சற்றுக் கீழே. 24 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமமின்றிப் பயன்படுத்தும் குறுகிய பட்டை 250 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் 60 சென்டிமீட்டருக்குக் கீழே போக முடியாது.

பிரிதிறன் 20 சென்டிமீட்டர் என்றால் 5 மீட்டர் கார் 25 அறைகளில், அதாவது 20 சென்டிமீட்டர் தூரத் துண்டுகளில், பரந்து விழும். முன்பக்க பம்பர், சக்கரங்கள், பின்பகுதி என்று தனித்தனி முகடுகள் தெரியும். இதைத் தூர விவரக்கோடு என்று சொல்லலாம். பொருளின் நீளம் இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கிறது, அதனால் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. ஆனால் பக்கவாட்டில் நிற்கும் பேருந்தின் நீளம் தெரியாது, அகலம்தான் தெரியும். கோணம் மாறினால் கோடும் மாறும். எனவே பயிற்சித் தரவில் எல்லாக் கோணங்களும் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எஃப்.எஃப்.டி.க்கு (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்குக்கு) முன் பூஜ்ஜியங்களைச் சேர்த்து நீட்டினால் வரைபடம் வழவழப்பாகும், பிரிதிறன் கூடாது. அடுத்து, சாளரச் சார்பு (சிக்னலின் இரு ஓரங்களையும் மெல்லத் தணிக்கும் பெருக்கி) எதுவும் போடாமல் விட்டால் வலுவான முகட்டின் பக்கமடல்கள் (அதன் இருபுறமும் எழும் பொய் மேடுகள்) 13 டெசிபல் மட்டுமே கீழே நிற்கும், பக்கத்தில் உள்ள பலவீனமான பகுதிகளை அவை மூழ்கடித்துவிடும். ஹான் சாளரம் அதை 31 டெசிபலுக்கு இறக்கும். விலையாக முகடு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் அகலும். வகைப்படுத்தும் வேலைக்கு இந்த விலையைக் கொடுக்கலாம்.

மைக்ரோ டாப்ளர் என்றால் என்ன? மனிதனை எப்படி அது காட்டிக்கொடுக்கிறது?

ரேடாரை நோக்கி நகரும் பொருளின் எதிரொலி அதிர்வெண்ணில் சற்று உயர்ந்து வரும், விலகினால் தாழ்ந்து வரும். டாப்ளர் எனப்படும் இந்த மாற்றத்தின் அளவு: வேகத்தின் இரு மடங்கை அலைநீளத்தால் வகுக்க வேண்டும். பொருள் முழுவதும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் ஒரே கோடு கிடைக்கும். கை, கால், சக்கரம், சுழலும் பிளேடு என்று பொருளுக்குள்ளேயே வேறு வேறு வேகங்கள் இருந்தால் அந்தக் கோட்டைச் சுற்றிக் கிளைகள் தோன்றும். அதுதான் மைக்ரோ டாப்ளர். ரேடாரில் இதை முறையாக வகுத்து எழுதியவர்களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய விக்டர் சென் முக்கியமானவர்.

24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் ஒருவர் நடந்துவருவதாக வைத்துக்கொள்வோம். அலைநீளம் 12.5 மில்லிமீட்டர். உடல் ஏறக்குறைய 224 ஹெர்ட்ஸில் ஒரு தடித்த கோடாக வரும், லேசாக அலைந்துகொண்டே. ஒவ்வொரு காலும் தரையில் ஊன்றியிருக்கும்போது அதன் பாதம் பூஜ்ஜியத்தில் நிற்கும், பிறகு முன்னே வீசும்போது உடல் வேகத்தின் மூன்று மடங்கு அளவுக்குப் பாயும், அதாவது 650 ஹெர்ட்ஸ் பக்கம். கைகள் இதற்கு நடுவில். ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரத்தோடு அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படத்தில்) ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கூர்முனை எழுந்து இறங்குவதைக் கண்ணாலேயே எண்ணலாம். கூர்முனைகளுக்கு இடையிலுள்ள நேரம் நடையின் தாளத்தைத் தருகிறது, உயரம் கால்வீச்சைத் தருகிறது. நாய்க்கு எட்டுகள் நெருக்கமாகவும் நான்கு கால்களால் கலங்கலாகவும் விழும். மிதிவண்டியில் சக்கரத்தின் மேல்விளிம்பு வண்டி வேகத்தின் இரு மடங்கில் ஓடுவதால் பூஜ்ஜியத்திலிருந்து இரு மடங்கு வரை ஒரு பட்டை நிரம்பும்.

இது வேலை செய்யாத இடம் ஒன்று உண்டு. ஆள் ரேடாருக்குக் குறுக்கே நடந்தால் டாப்ளர் ஏறக்குறைய பூஜ்ஜியமாகிவிடும். கால்வீச்சின் மிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். குறுக்கு நடைதான் சாலையில் ஆபத்தானது என்பதால் இதைச் சிறு குறையாகக் கருத முடியாது. வேறு கோணத்தில் இரண்டாவது ரேடார் வைப்பதே நேரடியான தீர்வு.

77 கிகாஹெர்ட்ஸ் பலகைக்கு எந்த அமைப்பிலிருந்து தொடங்கலாம்?

50 மீட்டருக்குள் ஆள், மிதிவண்டி, கார் மூன்றையும் பிரிக்க வேண்டும் என்றால் இப்படித் தொடங்குங்கள். சிர்ப் (அதிர்வெண் சீராக ஏறிச்செல்லும் குறுகிய அலை) சரிவு மைக்ரோ நொடிக்கு 15 மெகாஹெர்ட்ஸ், மாதிரி எடுக்கும் நேரம் 50 மைக்ரோ நொடி. இரண்டையும் பெருக்கினால் பட்டை அகலம் 750 மெகாஹெர்ட்ஸ், பிரிதிறன் 20 சென்டிமீட்டர். நொடிக்கு 51.2 லட்சம் சிக்கலெண் மாதிரிகள் (வலிமையோடு, அலை தன் சுழற்சியில் நிற்கும் கட்டத்தையும் பதிவு செய்பவை) எடுத்தால் ஒரு சிர்ப்புக்கு 256 மாதிரிகள், அதாவது 51 மீட்டர் வரை எட்டும். சிர்ப்புகளுக்கு இடையே 10 மைக்ரோ நொடி ஓய்வு விட்டு 60 மைக்ரோ நொடிக்கு ஒன்றாக 256 சிர்ப்புகள் அனுப்பினால், அவை சேர்ந்த ஒரு சட்டகத்துக்கு 15.4 மில்லி நொடி. வேகப் பிரிதிறன் நொடிக்கு 0.13 மீட்டர், குழப்பமின்றி அளக்கக்கூடிய உச்ச வேகம் இரு திசையிலும் நொடிக்கு 16 மீட்டர். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் வரும் கார் எதிர்த்திசையில் போவதுபோலத் தெரியும், அதை எதிர்பார்த்தே இருங்கள். பல அனுப்பும் ஆண்டெனாக்களை மாற்றி மாற்றி இயக்கினால் இந்த உச்ச வேகம் ஆண்டெனா எண்ணிக்கையால் வகுபடும். இதைக் கவனிக்காததால்தான் பலருக்குக் கால்வீச்சு மடங்கிக் கீழே விழுகிறது.

தரவு எடுக்கும் முன், அந்த மூலை எதிரொலிப்பானை மரக்கம்பத்திலோ நுரைப்பலகையிலோ அளந்த தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். முகடு சரியான அறையில் விழுகிறதா, எதிர்பார்த்த வலிமை வருகிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். உலோகக் கம்பத்தில் வைத்தால் கம்பத்தையும் சேர்த்தே அளப்பீர்கள்.

அடுத்து நடக்கும் தவறு நுட்பமானது. நடக்கும் மனிதன் ஒரு நொடியில் 1.4 மீட்டர் நகர்கிறான், அதாவது 7 தூர அறைகள். ஒரே அறையின் சிக்னலை எடுத்து ஸ்பெக்ட்ரோகிராம் போட்டால் அவன் அதைக் கடந்து போய்விடுவான். வீசும் கால் உடலுக்கு முன்னாலுள்ள அறையில் இருப்பதால் காலே காணாமல் போகும். இலக்கைத் தொடர்ந்து, அதன் நடு அறைக்கு இருபுறமும் மூன்று நான்கு அறைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றின் டாப்ளர் ஆற்றலையும் கூட்டுங்கள். சிக்கலெண்களை நேரடியாகக் கூட்டாதீர்கள், ஒன்றையொன்று அழிக்கும்.

நிற்கும் சுவர்களை நீக்கச் சிர்ப்புகளின் சராசரியைக் கழிப்பது வழக்கம். அந்தக் கழித்தல் அசையாமல் நிற்கும் மனிதனையும் சேர்த்தே நீக்கும். அவனும் வேண்டுமென்றால் இன்னும் நீண்ட நேரச் சராசரியைக் கழித்து, மூச்சினால் மார்பு மில்லிமீட்டர் கணக்கில் அசைவதை எதிரொலி அலையின் கட்ட மாற்றத்தில் தேட வேண்டும்.

ட்ரோனையும் பறவையையும் பிரிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

இரண்டும் சிறியவை, மெதுவாகப் பறப்பவை, எதிரொலி வலிமையும் ஒன்றே. வேறுபாடு இறக்கையிலும் பிளேடிலும்தான் இருக்கிறது. பெரிய பறவை நொடிக்குச் சில முறைதான் இறக்கை அடிக்கும். எனவே அந்தத் தாளத்தைப் பார்க்க ஒரு நொடியாவது, முடிந்தால் இரண்டு நொடி, ரேடார் அதே திசையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுழன்றுகொண்டே தேடும் கண்காணிப்பு ரேடார் ஒரு சுற்றில் ஒரு பொருளின் மேல் தங்குவது சில பத்து மில்லி நொடிதான். அதில் இறக்கையடிப்பு தெரியாது.

பிளேடின் கணக்கு வேறு. 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு பிளேடு ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நுனி வேகம் நொடிக்கு 75 மீட்டர். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் அது கூட்டலும் கழித்தலுமாக 5 கிலோஹெர்ட்ஸ் வரை பரவும். அதை மடங்காமல் பதிவு செய்யத் துடிப்பு வீதம் (நொடிக்கு அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை) 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டும். பிளேடு ஒவ்வொரு முறையும் ரேடாருக்குச் செங்குத்தாக வரும்போது எதிரொலியில் கணநேரப் பளிச்சிடலாக ஒரு மின்னல் கிடைக்கும், நொடிக்கு 200 முறை. பகுப்பாய்வுச் சாளரம் 5 மில்லி நொடியைவிடக் குறைவாக இருந்தால் மின்னல்கள் தனித்தனியாகத் தெரியும். 50 மில்லி நொடி எடுத்தால் மின்னல்கள் மறைந்து, 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சீரான கோடுகள் வரும். இரண்டுமே ஒரே உண்மையின் இரு தோற்றங்கள். ஆனால் ஒரு சாளரத்தில் பயிற்றுவித்த வகைப்படுத்தியை மறு சாளரத்தில் ஓட்டினால் தோற்கும்.

நான்கு மோட்டார்கள் நான்கு வேகத்தில் ஓடுவதால் கோடுகள் கலங்கும். பிளாஸ்டிக் பிளேடு மங்கலாகவும் கார்பன் இழை பிளேடு தெளிவாகவும் தெரியும். ட்ரோன் ரேடாருக்கு நேர் மேலே இருந்தால் பிளேடு நுனி பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே ஓடுவதால் டாப்ளர் சுருங்கிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கோடுகள் தெரியவில்லை என்பதாலேயே அது பறவை என்று முடிவு கட்டாதீர்கள். இறக்கை அசையவில்லை என்பதாலேயே ட்ரோன் என்றும் சொல்லாதீர்கள். மிதந்து செல்லும் கழுகு இறக்கையை அசைப்பதே இல்லை. அப்போது பாதையின் வளைவுகளையும் உயர மாற்றங்களையும் நீண்ட நேரம் கவனிப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

கண்டறியும் தூரத்திலேயே வகைப்படுத்தவும் முடியுமா?

முடியாது. ஏற்ற இறக்கமில்லாத இலக்கை ஒரே துடிப்பில் 90 விழுக்காடு வாய்ப்போடு, பத்து லட்சத்தில் ஒரு பொய் எச்சரிக்கை என்ற வரம்பில் கண்டறிய 13 டெசிபல் அளவுக்குச் சிக்னல் இரைச்சலைவிட உயர்ந்திருந்தால் போதும். ட்ரோனை வகைப்படுத்தத் தேவையான கூறு அதன் உடல் எதிரொலி அல்ல, அதைவிடப் பலவீனமான பிளேடு எதிரொலி. பிளேடு 20 டெசிபல் கீழே இருந்தால், அதே தெளிவுக்குத் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைய வேண்டும். உடலை 3 கிலோமீட்டரில் பிடிக்கும் ரேடார் பிளேடை ஏறக்குறைய 950 மீட்டரில்தான் பார்க்கும். ஒரு ரேடாரை மதிப்பிடும்போது இந்த இரண்டு தூரங்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

விமானத்திலும் ஹெலிகாப்டரிலும்?

ஜெட் எஞ்சினின் முன்பக்கக் காற்றழுத்திப் பிளேடுகள் எதிரொலியைக் குறிப்பிட்ட இடைவெளியில் வெட்டுகின்றன. பிளேடு எண்ணிக்கையையும் சுழல் வேகத்தையும் அந்த இடைவெளியிலிருந்து கணக்கிட்டு எஞ்சின் வகையை ஊகிக்கலாம். எஞ்சின் வாய் ரேடாருக்குத் தெரிய வேண்டும், அதாவது ஏறக்குறைய முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும். ஹெலிகாப்டரின் பிரதான பிளேடு நுனி நொடிக்கு 200 மீட்டர் அளவில் ஓடும். ஒற்றைப்படைப் பிளேடுகளுக்கும் இரட்டைப்படைப் பிளேடுகளுக்கும் மின்னல்களின் அமைப்பு வேறுபடும்.

ரேடாரால் படம் எடுக்க முடியுமா?

பொருள் திரும்பினால் முடியும். குறுக்குப் பிரிதிறன் என்பது அலைநீளத்தை, திரும்பிய கோணத்தின் இரு மடங்கால் வகுத்தது. 3 சென்டிமீட்டர் அலையில் பொருள் 3 பாகை திரும்பினால் 29 சென்டிமீட்டர். அலையில் ஆடும் கப்பல் தானாகவே இந்தத் திருப்பத்தைக் கொடுக்கிறது. ஆனால் எந்த அச்சில் ஆடுகிறதோ அதைப் பொறுத்துப் பக்கத்தோற்றமும் மேல்தோற்றமும் மாறி மாறி வரும், அளவும் நீளும் சுருங்கும். திருப்ப வேகத்தைத் தனியே மதிப்பிடாமல் அந்தப் படத்திலிருந்து நீளத்தை அளக்காதீர்கள். ஜெர்மனியின் வாஹ்ட்பெர்க்கில் 34 மீட்டர் தட்டு கொண்ட டிரா ரேடார் இதே முறையில் செயற்கைக்கோள்களைப் படமெடுக்கிறது. கட்டுப்பாடிழந்த தியான்கோங்-1 விண்நிலையம் 2018இல் விழுவதற்கு முன் உருண்டுகொண்டிருந்ததை அது படம்பிடித்தது.

மழையையும் பறவைக் கூட்டத்தையும் பிரிப்பது?

இரு முனைவாக்கத்தில் அளந்தால் எளிது. கிடையாகவும் செங்குத்தாகவும் அனுப்பிய அலைகளின் எதிரொலிகள் மழையில் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக ஒத்துப்போகும், ஒப்புமைக் கெழு 0.95க்கு மேல். பறவை, பூச்சிகளில் அது தெளிவாகக் குறைந்துவிடும்.

எந்த நரம்பு வலைப்பின்னலைப் பயன்படுத்துவது?

இந்தக் கேள்விக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தரவைப் பிரிப்பதில் செலவிடுங்கள். ஸ்பெக்ட்ரோகிராம் படங்களுக்குச் சிறிய கன்வல்யூஷன் வலையே (படங்களில் வடிவங்களைத் தேடும் நரம்பு வலைப்பின்னல்) பெரும்பாலும் போதும். பெரிய தவறு வேறு இடத்தில் நடக்கிறது. ஒரே பதிவிலிருந்து வந்த சட்டகங்களைக் கலைத்துப்போட்டு, சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் வைத்தால் 99 விழுக்காடு வரும். அடுத்தடுத்த சட்டகங்கள் ஏறக்குறைய ஒரே பிரதிகள் என்பதால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆள் வாரியாக, நாள் வாரியாக, இடம் வாரியாகப் பிரியுங்கள். பயிற்சியில் நடந்தவர் சோதனையில் வரக்கூடாது.

பின்னணியும் ஏமாற்றும். 1990களில் அமெரிக்காவில் ராணுவ ஆய்வு அமைப்பான டார்பாவும் விமானப்படை ஆய்வகமும் சேகரித்த எம்ஸ்டார் தரவுத்தொகுப்பு, 30 சென்டிமீட்டர் பிரிதிறனில் எடுத்த ராணுவ வாகனப் படங்கள், இத்துறையின் பொதுத் தேர்வுத்தாளாக இருந்துவருகிறது. வழக்கமான சோதனையில் 17 பாகை கோணப் படங்களில் பயிற்றுவித்து 15 பாகைப் படங்களில் சோதிப்பார்கள். அதில் வாகனத்தை மறைத்து, சுற்றியுள்ள தரையை மட்டும் கொடுத்தாலே வகையைப் பெருமளவு சொல்லிவிட முடிகிறது, காரணம் ஒவ்வொரு வாகனத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்திப் படமெடுத்திருக்கிறார்கள். உங்கள் தரவிலும் இதே சோதனையைச் செய்யுங்கள்: இலக்கு இருக்கும் அறைகளைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு வகைப்படுத்தியை ஓட்டுங்கள். அப்போதும் சரியாகச் சொன்னால் அது பொருளைப் பார்க்கவில்லை.

சோதனையில் 99 விழுக்காடு. களத்தில் ஏன் பொய் எச்சரிக்கை கொட்டுகிறது?

வானில் ஒரு ட்ரோனுக்கு 1,000 பறவைகள் பறந்தால், 1 விழுக்காடு தவறு என்பது 10 பறவைகளை ட்ரோன் என்று அறிவிப்பது. பதினொரு எச்சரிக்கையில் ஒன்றுதான் உண்மை. இதைக் குறைக்க ஒரே பாதையின் பல சட்டகங்களின் முடிவுகளைச் சேர்க்கலாம், ஆனால் அடுத்தடுத்த சட்டகங்களைச் சுதந்திரமான சாட்சிகளாக எண்ணிப் பெருக்கினால் நம்பிக்கை செயற்கையாக ஏறிவிடும். கோணம் மாறும் அளவுக்கு நேர இடைவெளி விட்டு எடுங்கள்.

கூடவே "தெரியாது" என்ற விடையையும் வைக்க வேண்டும். ஆள், மிதிவண்டி, கார் என்று மூன்றே வகை கற்ற வலைப்பின்னலிடம் காற்றில் ஆடும் புதரைக் காட்டினால், அது மூன்றில் ஒன்றை உறுதியோடு சொல்லும். புதர், ஓடும் மின்விசிறி, கண்ணாடிச் சுவரில் பட்டு வந்த ஆளின் பொய்ப்பிம்பம் ஆகியவற்றைப் பயிற்சித் தரவில் தனி வகையாகச் சேருங்கள். அந்தப் பொய்ப்பிம்பத்துக்கும் உண்மையான நடைத் தாளம் இருக்கும் என்பதால் டாப்ளரால் அதைப் பிடிக்க முடியாது. உண்மையான ஆளோடு ஒரே தாளத்தில், எப்போதும் அவரைவிடக் கூடுதல் தூரத்தில், குறைந்த வலிமையில் அது நகர்கிறதா என்று பாதைகளை ஒப்பிட்டுத்தான் நீக்க வேண்டும்.

ஒரு ரேடாரில் பயிற்றுவித்ததை வேறு ரேடாரில் ஓட்டலாமா?

அப்படியே ஓட்டினால் பெரும்பாலும் தோற்கும். 24 கிகாஹெர்ட்ஸில் 224 ஹெர்ட்ஸாக இருந்த உடல் கோடு 77 கிகாஹெர்ட்ஸில் 719 ஹெர்ட்ஸாகும். எனவே அச்சை ஹெர்ட்ஸில் விடாமல் நொடிக்கு மீட்டராக மாற்றுங்கள், நேர அச்சையும் ஒரே இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள், இரைச்சல் மட்டத்தை 0 டெசிபலாக வைத்து வலிமையை அளவிடுங்கள். அதற்குப் பிறகும் புதிய ரேடாரில் எடுத்த தரவைக் கொஞ்சமாவது கலந்து மறுபடி பயிற்றுவியுங்கள். ஆண்டெனா பொருத்தும் உயரம் மாறினால்கூடத் தரையில் பட்டு வரும் அலையின் கூட்டல் கழித்தல் மாறி, சில தூரங்களில் கால் மட்டும் மங்கிப்போகும்.